வேலூரில் திறந்தவெளி நீச்சல் குளத்தைச் சூடாக்கினால் மாதம் எவ்வளவு ஆகும்?

கேட்டவர் கொடுத்த விவரம் இது. காட்பாடி பக்கம், வீட்டை ஒட்டிய மனையில் குளம். நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், ஆழம் சராசரியாக ஒன்றேகால் மீட்டர். மேலே கூரை கிடையாது. அம்மாவுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார் பிசியோதெரபிஸ்ட். கார்த்திகை பிறந்ததிலிருந்து காலையில் தண்ணீரில் கால் வைக்க முடியவில்லை. குளம் கட்டிய கம்பெனி 24 கிலோவாட் மின்சார ஹீட்டருக்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. மாதம் கரண்ட் பில் எவ்வளவு வரும், வேறு வழி இருக்கிறதா என்பது கேள்வி.

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஹீட்டரை மாட்டி, குளத்தை இப்போது இருப்பதுபோல் திறந்தே வைத்து, தண்ணீரை 29 டிகிரியில் நிறுத்தினால், குளிர் மாதங்களில் மாதத்துக்கு 29,000 ரூபாய் அளவுக்கு வரும். அதே குளத்துக்கு ஒரு மூடியும், வெளிக்காற்றின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் பம்ப் ஒன்றும் போட்டால் 1,800 ரூபாய் போதும். தண்ணீர் அதே, சூடும் அதே. இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே கம்பெனிக்காரரிடம் பேசலாம்.

நான் ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலைகளில் பல வருடம் பாய்லர் பார்த்தவன். அதன் பிறகு சோலார் வாட்டர் ஹீட்டர், குளத்துக்கான ஹீட் பம்ப் இவற்றை மாட்டிக் கொடுக்கும் வேலை. அதனால் கணக்கோடுதான் சொல்லத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குளத்தில் 40,000 லிட்டர் பிடிக்கும். ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 யூனிட் வெப்பம் வேண்டும். (மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். வெப்பத்தையும் அதிலேயே அளந்தால் கணக்கு சுலபம்.) ஆக, உங்கள் குளம் ஒரு டிகிரி ஏற 46 யூனிட்டுக்குச் சற்று மேல். மார்கழியில் வெயில் படும் குளம் தானாகவே 24, 25 டிகிரியில் நிற்கும். அதை 29க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 230 யூனிட். கம்பெனி சொன்ன மின்சார ஹீட்டரில், அதாவது காயில் ஹீட்டரில், ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் கிடைக்கும். யூனிட் 12 ரூபாய் என்று வைத்தால் 2,760 ரூபாய். ஒரே முறை ஆகிற செலவு இது. இதோடு முடிந்துவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை.

12 ரூபாய் ஏன் என்று கேட்பீர்கள். 2024 ஜூலையில் மாற்றிய வீட்டுக் கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 1,000 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 11 ரூபாய் 80 காசு. காயில் ஹீட்டர் போட்டால் முதல் பதினைந்து நாளிலேயே அந்த ஸ்லாபைத் தொட்டுவிடுவீர்கள். ஹீட் பம்ப் என்றால் வீட்டுச் செலவைப் பொறுத்து கீழ் ஸ்லாபிலேயே நிற்கவும் கூடும். அப்போது நான் சொல்லும் தொகை இன்னும் குறையும். எல்லாவற்றுக்கும் மேல் ஸ்லாபையே வைத்துக் கணக்குப் போடுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஏற்றிய சூடு நிற்கிறதா?

நம் ஊரில் மண்பானையைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது, பானை மேல் கசிகிற ஈரம் ஆவியாகிப் போகும்போது உள்ளே இருக்கிற தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போவதால். வாய் அகன்ற 32 சதுர மீட்டர் பானை ஒன்றைத் தரையில் புதைத்து வைத்திருக்கிறீர்கள். கோடையில் அது நமக்கு நல்லது செய்கிறது. மார்கழியில் நீங்கள் காசு கொடுத்து ஏற்றிய சூட்டையும் அதே வழியில் கொண்டுபோகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது எடுத்துப் போகும் வெப்பம் 0.67 யூனிட். அந்த வெப்பம் இருந்தால் 580 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றிவிடலாம். மார்கழி, தை மாதத்தில் 29 டிகிரியில் இருக்கும் உங்கள் குளத்திலிருந்து, காற்று அதிகம் இல்லாத இடத்தில்கூட, நாளுக்கு 150 லிட்டர் ஆவியாகும். மட்டத்தில் பார்த்தால் அரை சென்டிமீட்டர்கூட இறங்கியிருக்காது. கண்ணுக்கே தெரியாது. ஆனால் 100 யூனிட் வெப்பம் போயிருக்கும்.

விடியற்காலையில் குளத்து மேல் வெண்புகை மாதிரி ஆவி எழும்புகிறதே, பார்க்க அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்தாலே எனக்கு மனசு கேட்காது. ஹீட்டர் ஓடுகிற குளம் என்றால், அவர்கள் கட்டப்போகிற பில் தான் அப்படி எழும்பிப் போய்க்கொண்டிருக்கிறது.

சூடு போகும் இரண்டாவது வழி வானம். ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு ஆய்வகம் இருக்கிறது. 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே நிற்கிறது. அந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நம் பகுதியின் தெளிந்த இரவு வானம். மேகமும் ஈரமும் குறைந்த அந்த வானம்தான் இரவில் தரையின் சூட்டையும் தண்ணீரின் சூட்டையும் தடையில்லாமல் மேலே வாங்கிக்கொள்கிறது. பனி கொட்டுகிற, நட்சத்திரம் தெளிவாகத் தெரிகிற இரவில் உங்கள் குளம் இந்த வழியில் மட்டும் மணிக்கு 4 யூனிட் வரை இழக்கும். மப்பு போட்ட இரவில் இதில் பாதிகூட இருக்காது. மொட்டை மாடியில் படுத்திருந்தவர்களுக்கு இது உடம்பாலேயே தெரியும்.

மூன்றாவது காற்று. குளிர்ந்த காற்று தொட்டுக் குளிர்விப்பது கொஞ்சம்தான். ஆனால் ஆவியாவதை அது இரட்டிப்பாக்கும். தண்ணீர் மேல் நிற்கிற ஈரக் காற்றைத் தள்ளிவிட்டுக் காய்ந்த காற்றைக் கொண்டுவந்து வைத்தால் வேறு என்ன ஆகும்? ஈரத் துணி காற்றில் சீக்கிரம் காய்வது மாதிரிதான். காற்றே இல்லாத இடத்தையும், இலை அசைகிற அளவுக்கு வினாடிக்கு 2 மீட்டர் காற்று வரும் இடத்தையும் ஒப்பிட்டால், ஆவியாகும் அளவு இரண்டு மடங்குக்கு மேல் போகும். மார்கழியில் அடிப்பது வாடை, வடக்கிலிருந்து வருவது. அதனால் குளத்துக்கு வடக்கே சுவரோ அடர்ந்த செம்பருத்தி வேலியோ இருக்கட்டும். தெற்கே எதையும் வளர்க்காதீர்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. உச்சி வேளையிலேயே நம் ஊரில் 54 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கே 3 மீட்டர் சுவர் இருந்தால் நடுப்பகலில்கூட 2 மீட்டருக்கு மேல் நிழல் குளத்தில் விழும். காலையிலும் மாலையிலும் கேட்கவே வேண்டாம். மாமரம் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. தெற்கில் என்றால், மனசைக் கல்லாக்கிக்கொண்டு கிளைகளைக் கழிக்க வேண்டியிருக்கும்.

இந்த மூன்றையும் கூட்டினால், 29 டிகிரியில் திறந்து கிடக்கும் குளம் நாளுக்கு 200 யூனிட் வெப்பத்தை இழக்கிறது. நல்ல வெயில் அடிக்கும் தை மாத நாளில் சூரியன் 120 யூனிட்டைத் திருப்பித் தருகிறது. நீங்கள் ஈடுகட்ட வேண்டியது மிச்சமுள்ள 80 யூனிட். மாதம் 2,400. காயில் ஹீட்டர் என்றால் 28,800 ரூபாய். முதலில் சொன்ன தொகை இதுதான்.

இதெல்லாம் புத்தகக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். மூன்று வருடத்துக்கு முன்னால் காந்தி நகரில் ஒரு வீட்டில், ஏறக்குறைய உங்கள் அளவுக் குளம். வீட்டுக்காரர் மூடி வாங்க ஒத்துக்கொள்ளவே இல்லை. "பிளாஸ்டிக் தாளுக்குப் போய் இவ்வளவு பணமா, சூடு தர்றது ஹீட்டர்தானே" என்பார். சரி, இரண்டு இரவு பொறுங்கள் என்று சொல்லி ஒரு தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் முழங்கை ஆழத்தில் தொங்கவிட்டேன். முதல் இரவு மூடவில்லை. பத்து மணிக்கு 28.4. ஹீட்டரை அணைத்துவிட்டோம். விடிந்து ஆறு மணிக்கு 26.7. அடுத்த இரவு மூடியை விரித்தோம். பத்து மணிக்கு 28.3, காலையில் 27.7. மூடியின் ஒரு மூலையை நானும் அவரும் சேர்ந்து தூக்கினோம். அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். தூக்கிய வேகத்தில் சரசரவென்று குளத்திலேயே வடிந்தது. போகவேண்டிய ஆவி மூடியில் பட்டு, சூட்டையும் தண்ணீரையும் அங்கேயே விட்டுவிட்டது. முதல் இரவு இறங்கிய 1.7 டிகிரிக்கு எத்தனை யூனிட் என்று அவரே காகிதத்தில் போட்டுப் பார்த்தார். 79. பணமாக ஏறக்குறைய 950 ரூபாய், ஒரு ராத்திரிக்கு. அன்றைக்கு மாலையே மூடிக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்.

அதனால் என் பதிலின் முக்கால் பங்கு இதுதான்: ஹீட்டரைப் பற்றிப் பேசுவதற்கு முன் மூடி வாங்குங்கள். பபுள் கவர் என்று கேட்டால் தருவார்கள். பார்சலில் சுற்றி வருகிற குமிழ்த் தாள் மாதிரியேதான், ஆனால் தடிமனாக, வெயில் தாங்கும்படி செய்தது. குமிழ்ப் பக்கம் தண்ணீரைப் பார்த்து இருக்கவேண்டும். நீலமோ நிறமற்றதோ, ஒளி ஊடுருவுவதாக வாங்கினால் பகலிலும் போட்டு வைக்கலாம். வெயில் உள்ளே போகும், ஆவி வெளியே வராது. கறுப்பு வேண்டாம். கறுப்பு மூடி தான் சூடாகுமே ஒழிய தண்ணீருக்கு அவ்வளவாகத் தராது.

மூடி போட்ட குளத்தில், குளிக்கும் ஒரு மணி நேரம் மட்டும் திறந்தால், நல்ல வெயில் நாட்களில் ஹீட்டர் ஓடவே தேவையில்லாமலும் போகும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் வந்து நான்கு நாள் மூட்டமாக இருக்கும்போதுதான் வெப்பம் கேட்கும். வீட்டு நிழல், மூட்டம் எல்லாவற்றையும் சேர்த்து, சராசரியாக நாளுக்கு 25 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 இருந்த இடத்தில் 25. ஹீட்டர் எதுவாக இருந்தாலும் பில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிட்டது.

மூடி விஷயத்தில் நம் ஊருக்கென்று சில எச்சரிக்கைகள். வேலூர் வெயிலுக்கு அது மூன்று நான்கு வருடம் உழைத்தால் அதிகம். சுருட்டி வெயிலில் போட்டால் அதுவும் இல்லை. சுருளுக்குள்ளே சூடு ஏறிக் குமிழெல்லாம் ஒட்டிப்போகும். சுருட்டியதும் நிழலில் வையுங்கள், இல்லையென்றால் மேலே வெள்ளைத் துணியாவது போர்த்துங்கள். குளோரின் அதிகம் போடும் நாளில் மூடாதீர்கள், அரித்துவிடும். மாசி பாதிக்கு மேல் மூடியைக் கழற்றிவிடுங்கள். பங்குனி, சித்திரையில் மூடி போட்டால் தண்ணீர் குளிக்க முடியாத அளவுக்குக் கொதித்துக் கிடக்கும். அந்த மாதங்களில் மண்பானை வேலையை அது பார்க்கட்டும். இன்னொன்று, இதுதான் முக்கியம்: இந்த மூடி ஆள் பாரம் தாங்காது. குழந்தை ஓடிவந்து கால் வைத்தால் மூடி மடங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும், மேலே இருந்து பார்ப்பவருக்கு ஆள் இருப்பதே தெரியாது. பாதி மூடி பாதி திறந்து ஒருநாளும் குளிக்கக்கூடாது. முழுக்கச் சுருட்டிய பிறகுதான் யாராக இருந்தாலும் தண்ணீரில் இறங்கவேண்டும். குளத்தைச் சுற்றி வேலியும் பூட்டும் வையுங்கள்.

இனி சூடாக்கும் கருவி.

ஹீட் பம்ப் என்பது ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி. ஏசி அறையின் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. இது வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீரில் தள்ளுகிறது. சூட்டை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. அதனால்தான் ஒரு யூனிட் கரண்டுக்கு நான்கு, ஐந்து யூனிட் வெப்பம் கிடைக்கிறது. வெளிக்காற்று எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவுக்கு லாபம். குளிர் நாடுகளில் இதே மெஷின் திணறும். நம் ஊரில் தை மாதத்திலேயே நடுப்பகலில் 29, 30 டிகிரி இருக்கிறது. இதைவிடத் தோதான இடம் அதற்குக் கிடைக்காது. பலர் செய்யும் தவறு, விடியற்காலை நான்கு மணிக்கு டைமர் வைப்பது. குளிக்கப் போகும் நேரத்துக்குச் சூடாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்போது காற்று 18 டிகிரி. அதே வேலைக்குக் கரண்ட் கூடும். பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை ஓடவிடுங்கள். சாயங்காலம் மூடியைப் போடுங்கள். காலையில் ஒரு டிகிரிகூட இறங்கியிருக்காது.

நாளுக்கு 25 யூனிட் வெப்பத்துக்கு 5 யூனிட் கரண்ட். மாதம் 150 யூனிட், 1,800 ரூபாய். மூடி இல்லாமல் ஹீட் பம்ப் மட்டும் போட்டால் 480 யூனிட், 5,760 ரூபாய். மூடி போட்டு காயில் ஹீட்டர் என்றால் 750 யூனிட், 9,000 ரூபாய். உங்களுக்கு 10 முதல் 12 கிலோவாட் வெப்பம் தரும் ஹீட் பம்ப் போதும். அது இழுக்கும் கரண்ட் இரண்டு, இரண்டரை கிலோவாட். வீட்டு இணைப்பே தாங்கும். 24 கிலோவாட் காயில் ஹீட்டருக்கோ ஒவ்வொரு ஃபேஸிலும் 33 ஆம்பியர். இ.பி.யில் லோடு கூட்டச் சொல்லி எழுதிக் கொடுக்கவேண்டும், அதற்கு டெபாசிட் தனி, கேபிள் தனி. கொட்டேஷனில் இதெல்லாம் இருக்காது. ஹீட்டர் விலை மட்டும் குறைவாகத் தெரியும். அது ஒரு மணி நேரம் ஓடினால் 288 ரூபாய். தண்ணீர் அரை டிகிரி ஏறும்.

ஹீட் பம்பில் குறை இல்லாமல் இல்லை. வேகம் கிடையாது. 12 கிலோவாட் மெஷின் உங்கள் குளத்தை மணிக்குக் கால் டிகிரிதான் ஏற்றும். சனிக்கிழமை விருந்தாளி வருகிறார்கள் என்று வெள்ளிக்கிழமை ராத்திரி ஆன் செய்தால் ஒன்றும் ஆகாது. ஐந்து டிகிரி ஏற்ற ஏறக்குறைய 20 மணி நேரம், அதாவது நான்கு நாள் பகல். தினமும் குளிக்கிறவர்களுக்குத்தான் அது சரி. உங்கள் அம்மா தினமும் இறங்கப்போகிறார் என்பதால் உங்களுக்கு இது பொருந்தும்.

வாங்கும்போது உள்ளே வெப்பம் மாற்றும் குழாய் டைட்டானியமா என்று கேளுங்கள். செம்பு என்றால் வேண்டாம். பாலாற்றுப் பகுதி போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். வாளியில் பிடித்து வைத்தால் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது. இதோடு குளோரினும் சேர்ந்தால் செம்பு தாங்காது. காயில் ஹீட்டர்களில் கதை வேறு. ஒரு விருந்தினர் விடுதியில் ஒன்றரை வருடம் ஓடிய காயிலைக் கழற்றினேன். சுண்ணாம்பு அடித்த கரும்பு மாதிரி இருந்தது, விரல் தடிமனுக்கு. உப்பு படிந்தாலும் சூடு தண்ணீருக்குத்தான் போகும், பில் ஏறாது. ஆனால் காயில் உள்ளுக்குள் கொதித்து வெடித்துவிடும். அங்கே மூன்றாவது காயில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரை டெஸ்ட் செய்து, முடிந்தால் முதல் நிரப்பலுக்காவது உப்பு குறைந்த தண்ணீரை வாங்கி ஊற்றுங்கள். எது மாட்டினாலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச், கட்டாயம். ஈரக் காலோடு நிற்கும் இடம் அது.

கேஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றில், ஹீட்டரில் வீணாவது போக, 200 யூனிட் வெப்பம் கிடைக்கும். திறந்த குளத்துக்கு மாதம் 12 சிலிண்டர், மூடிய குளத்துக்கு நான்கு. இந்த மாத சிலிண்டர் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள், விலை மாறிக்கொண்டே இருப்பதால் நான் போடவில்லை. வீட்டுச் சிவப்பு சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தலாமா என்றால், கூடாது. கேஸின் ஒரே நன்மை வேகம். எப்போதோ ஒரு முறை குளிக்கும் பண்ணை வீட்டுக்கு அது சரி. விறகு வைத்துச் சூடாக்கலாமே, வேலிக்கருவை கிடைக்கிறதே என்பார்கள். முடியும். காய்ந்த விறகு கிலோவுக்கு இரண்டரை யூனிட் வெப்பம் தண்ணீருக்குச் சேரும். மூடிய குளத்துக்கு நாளுக்கு 10 கிலோ. ஆனால் காட்பாடியில் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் புகை போகும். பக்கத்தில் ஆளும் நிற்கவேண்டும். பாய்லர் முன்னால் அத்தனை வருடம் நின்றவன் சொல்கிறேன், வீட்டில் அது வேண்டாம்.

சோலார் பற்றி ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. மாடியில் இருக்கும் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டரைக் குளத்தோடு இணைக்கலாமா என்று பத்துப் பேரில் ஐந்து பேர் கேட்கிறார்கள். 60 டிகிரியில் இருக்கும் 200 லிட்டரை உங்கள் 40,000 லிட்டரில் ஊற்றினால், குளம் ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்குகூட ஏறாது. குளோரின் தண்ணீர் டாங்கியையும் அரிக்கும். குளத்துக்கென்று இருப்பது வேறு: கண்ணாடி இல்லாத கறுப்பு பிளாஸ்டிக் குழாய்ப் பாய். அதை மாடியில் விரித்து, குளத்துத் தண்ணீரையே மோட்டாரால் மேலேற்றி அதன் வழியாக விட்டுத் திரும்ப இறக்குவார்கள். தண்ணீரும் காற்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதால் பாயிலிருந்து வீணாவது மிகக் குறைவு. குளத்துப் பரப்பில் பாதி, அதாவது 16 சதுர மீட்டர் பாய் போட்டால் தை மாத வெயிலில் நாளுக்கு 50 யூனிட் வெப்பம் வரும். மூடிய குளத்துக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு. மாடியில் இடம் இருந்தால், ஹீட் பம்பையும்விட இதுதான் என் முதல் தேர்வு. மூட்டமான நாளில் வேலை செய்யாது என்பது உண்மைதான். அந்த நான்கு நாள் அம்மா வராந்தாவில் நடக்கட்டும். ஏற்கனவே மாடியில் கரண்ட் தரும் சோலார் பலகை போடும் எண்ணம் இருந்தால், பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. நாளுக்கு 12 யூனிட் வரும், ஹீட் பம்ப் கேட்பது 5.

எல்லாரும் விட்டுவிடும் செலவு ஒன்று: வடிகட்டும் மோட்டார். 1 ஹெச்பி மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். ஆறு மணி நேரம் ஓடினால் நாளுக்கு 72 ரூபாய், மாதம் 2,160. மூடியும் ஹீட் பம்பும் போட்ட பிறகு சூடாக்கும் செலவைவிட இது அதிகம். அந்த ஆறு மணி நேரத்தையும் ஹீட் பம்ப் ஓடும் பகல் நேரத்தோடு சேர்த்து வையுங்கள், இரண்டு முறை ஓட்ட வேண்டாம்.

"நிறுத்தி நிறுத்திச் சூடாக்குவதைவிட இரவும் பகலும் ஓடவிட்டால் சிக்கனம்" என்று உங்களிடம் யார் சொல்லியிருந்தாலும் அது தவறு. சூடு அதிகம் உள்ள தண்ணீர்தான் அதிகம் இழக்கும். எவ்வளவு நேரம் அதை உச்சியில் நிறுத்துகிறீர்களோ அவ்வளவு நஷ்டம். இதே காரணத்தால் தெர்மோஸ்டாட்டில் ஒரு டிகிரி என்பதும் சின்ன விஷயமில்லை. திறந்த குளத்தில் 29ஐ 30 ஆக்கினால் நாளுக்கு 15 முதல் 20 யூனிட் வெப்பம் கூடும்.

இங்கேதான் அம்மாவின் விஷயம் வருகிறது. 29 டிகிரி உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நீந்தச் சுகமாக இருக்கும். நீச்சல் போட்டிகளே 25 முதல் 28 டிகிரியில்தான் நடக்கின்றன. ஆனால் மெதுவாக நடக்கிற, உடம்பில் சூடு ஏறாத வயதானவருக்கு 29 குளிரும். மூட்டுப் பயிற்சிக்கு 32, 33 டிகிரி வரை வைப்பது வழக்கம். உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் எத்தனை டிகிரி என்று எண்ணாகவே கேட்டு வாங்குங்கள். 33 என்று அவர் சொன்னால், 40,000 லிட்டரையும் 33க்கு ஏற்ற நினைக்காதீர்கள். ஒரு ஆள் அரை மணி நேரம் நடப்பதற்கு அத்தனை தண்ணீரும் எதற்கு?

பக்கத்திலேயே சின்னதாக ஒரு தொட்டி கட்டுங்கள். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், தண்ணீர் 1.2 மீட்டர் ஆழம். 7,200 லிட்டர். மேலே ஒரு ஷீட் கூரை, தண்ணீர் மேல் ஒரு மூடி. 25லிருந்து 33க்கு ஏற்ற 67 யூனிட் வெப்பம், சின்ன ஹீட் பம்பில் 15 யூனிட் கரண்ட், 180 ரூபாய். பிறகு நாளுக்கு 12 யூனிட் வெப்பம் போதும். மூன்று யூனிட் கரண்டுக்குள் முடியும். மாதம் 1,000 ரூபாய். படி அகலமாக, ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல், இரண்டு பக்கமும் துருப்பிடிக்காத கைப்பிடியோடு இருக்கட்டும். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ். பெரிய குளத்தில் ஏணி வழியாக இறங்கச் சொன்னால் புது முட்டிக்கு அது கஷ்டம். தண்ணீர் எவ்வளவு சூடாக இருந்தாலும் அவர் இறங்க மாட்டார். தையல் போட்ட இடம் முழுக்க ஆறிவிட்டது, தண்ணீரில் நனையலாம் என்று அறுவை சிகிச்சை செய்த டாக்டர் சொன்ன பிறகு ஆரம்பியுங்கள்.

ஏலகிரியில் ரிசார்ட் வைத்திருக்கும் உங்கள் மைத்துனருக்கும் இதே கணக்கு பொருந்துமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். பொருந்தாது. ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டர் உயரம். கீழே இருப்பதைவிட ஐந்தாறு டிகிரி குளிர். அங்கே குளம் தானாக நிற்பது 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான். மலைக்காற்று வேறு. மூடி போட்டாலும் செலவு இரண்டு மடங்குக்குக் குறையாது. குளிர் மாதங்களும் அங்கே நீளம். அவருக்கு மூடியும் ஹீட் பம்பும் சோலார் பாயும் மூன்றும் வேண்டியிருக்கும். காற்றுத் தடுப்பு எல்லாவற்றுக்கும் முதலில்.

இப்போது செய்யவேண்டியது ஒன்றுதான். கொட்டேஷனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, காந்தி நகர் வீட்டில் செய்தது மாதிரி முழங்கை ஆழத்தில் தொங்கவிட்டு, ஒரு வாரம் இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் எழுதி வையுங்கள். கூடவே, ஒரு பிளாஸ்டிக் வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பிக் குளத்துப் படியிலேயே வைத்து, வாளிக்குள்ளும் குளத்துச் சுவரிலும் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவிடுங்கள். மோட்டார் ஓடாத ஒரு முழு நாள் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவு இறங்கியிருக்கவேண்டும். குளம் மட்டும் அதிகம் இறங்கியிருந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். அதை அடைக்காமல் சூடாக்கினால் வெந்நீரை மண்ணுக்கு ஊற்றுவதுதான். அந்த எண்களையும், குளத்துக்குத் தெற்கே என்ன இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். எத்தனை கிலோவாட் ஹீட் பம்ப், எத்தனை சதுர மீட்டர் பாய் என்று உங்கள் இடத்துக்கே கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.